காத்திருக்கத் தெரிந்த பணம்



தொழிற்பயிற்சி என்றதும் நாம் பாடத்திட்டத்தைப் பேசுவோம், பயிற்றுநரின் தகுதியைப் பேசுவோம், இளைஞர்களுக்கு ஆர்வம் போதவில்லை என்று குறைபட்டுக்கொள்வோம். பயிற்சிக்கான பணம் எங்கிருந்து வருகிறது, எத்தனை மாதத்துக்கு வருகிறது, எந்தக் கணக்கைக் காட்டச் சொல்லி வருகிறது என்பதைக் கணக்குப் பிரிவின் வேலை என்று ஒதுக்கிவிடுவோம். அப்படி ஒதுக்கிவைத்த இடத்தில்தான் பயிற்சியின் தலையெழுத்து இருக்கிறது என்பது என் கருத்து. யாரைச் சேர்ப்பது, எவ்வளவு காலம் கற்பிப்பது, குழந்தைக்குக் காய்ச்சல் என்று மூன்று நாள் வராத பெண்ணை என்ன செய்வது என்பதெல்லாம் பணம் வந்த வழியிலேயே பாதி முடிவாகிவிடுகின்றன.

இதைப் பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது. அதனால் ஓர் ஊரை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கும் சான் அன்டோனியோ. அங்கே 1992இல் தொடங்கிய ‘பிராஜெக்ட் குவெஸ்ட்’ என்ற தொண்டு நிறுவனம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஏழை மக்களைச் சமுதாயக் கல்லூரியில் படிக்கவைத்து வேலையில் அமர்த்திவருகிறது. இந்தத் துறையில் இவ்வளவு நீண்ட காலம் ஆராயப்பட்ட நிறுவனங்கள் உலகிலேயே மிகக் குறைவு. எந்தப் பணத்தால் இது நடக்கிறது என்பதையும் முழுமையாகப் பார்க்க முடிகிறது. வேறு நாட்டுக் கதையை ஏன் சொல்கிறேன் என்றால், நம் ஊர்க் கதைகளில் முதல் மூன்று மாதத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்ற பக்கம் பெரும்பாலும் எழுதப்படாமலே இருக்கிறது.

1990 ஜனவரியில் லீவை ஸ்ட்ராஸ் நிறுவனம் சான் அன்டோனியோவின் தெற்கு சர்சமோரா வீதியில் இருந்த தன் தையல் ஆலையை மூடப்போவதாக அறிவித்தது. வேலை இழந்தவர்கள் ஏறத்தாழ 1,150 பேர். பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள். அவர்கள் தைத்துக்கொண்டிருந்த காற்சட்டைகளைத் தைக்கும் வேலை கோஸ்டா ரிக்கா போன்ற நாடுகளுக்குப் போயிற்று. நம்மில் பலருக்கு இதைக் கேட்டதும் ஸ்ரீபெரும்புதூர் நினைவுக்கு வரும். 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று நின்றது. அதற்கு முந்தைய மாதங்களிலேயே ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேறியிருந்தார்கள். கிராமங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கி வேலை பார்த்த பெண்கள் அவர்களில் பலர்.

சான் அன்டோனியோப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. அடுத்த மாதமே ‘ஃபுவெர்சா உனிடா’ என்ற அமைப்பைத் தொடங்கி நிறுவனத்தின் பொருள்களைப் புறக்கணிக்கச் சொல்லிப் போராடினார்கள். அரசு அவர்களுக்கு மறுபயிற்சி என்று ஒன்றைக் கொடுத்தது. ஆங்கில வகுப்பு, பள்ளிச் சமநிலைத் தேர்வுக்கான வகுப்பு, சில குறுகிய பயிற்சிகள். அவற்றை முடித்தவர்கள் பழைய கூலிக்குக்கூட வேலை கிடைக்கவில்லை என்றார்கள். ஒரு பக்கம் தையலாலைகள், இறைச்சிப் பதனிடும் கூடங்கள் போன்ற பழைய வேலைகள் சுருங்கிக்கொண்டிருந்தன. மறுபக்கம் அதே ஊரின் மருத்துவமனைகள் செவிலியர் கிடைக்காமல் திண்டாடின. காலி இடமும் வேலையற்றவரும் ஒரே ஊரில் சில மைல் தொலைவில் இருந்தார்கள். இடையில் இரண்டு ஆண்டுப் படிப்பு இருந்தது. அந்த இரண்டு ஆண்டுக்கு யார் பணம் தருவது என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவை அந்த ஊரின் இரண்டு மக்கள் அமைப்புகள். ஒன்று, ஊரார் ‘காப்ஸ்’ என்று அழைக்கும் அமைப்பு. 1974இல் எர்னஸ்டோ கோர்ட்டெஸ் என்ற அமைப்பாளர் மேற்குப் பகுதியின் கத்தோலிக்கப் பங்குகளை ஒன்றுசேர்த்து உருவாக்கியது. மழை பெய்தால் வெள்ளம் புகும் தெருக்களில் வடிகால் கேட்டுத்தான் அது முதலில் நகராட்சி மன்றத்துக்குள் நுழைந்தது. மற்றொன்று மெட்ரோ அலையன்ஸ். இரண்டுக்கும் தாய் அமைப்பு சால் அலின்ஸ்கி 1940இல் சிகாகோவில் தொடங்கிய இண்டஸ்ட்ரியல் ஏரியாஸ் பவுண்டேஷன்.

இவர்கள் முதலில் செய்தது வீடு வீடாகக் கூட்டம் போட்டதுதான். பங்கு மக்களை உட்காரவைத்து, இதற்கு முன் என்ன பயிற்சிக்குப் போனீர்கள், அதனால் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். ஒன்றல்ல, இரண்டல்ல, பல சான்றிதழ்களை வைத்துக்கொண்டு வேலை இல்லாமல் இருந்தவர்கள் பேசினார்கள். பயிற்சி முடிந்த இடத்தில் வேலை இல்லை, வேலை இருந்த இடத்துக்கு அந்தப் பயிற்சி போதவில்லை. மாணவர்களே, தேவை ஆய்வு என்று உங்கள் பாடத்தில் வரும். வினாத்தாள் அச்சிடுவதற்கு முன் இப்படிப்பட்ட ஒரு கூட்டத்தில் முழு மாலைப் பொழுது உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

அடுத்து அவர்கள் பணம் கேட்கப் போகவில்லை. வேலை கேட்கப் போனார்கள். மருத்துவமனைகள், வங்கிகள், மற்ற பெரிய நிறுவனங்கள் ஆகியவற்றின் தலைவர்களைச் சந்தித்து, இன்ன தகுதியுள்ளவரை இன்ன சம்பளத்தில் எடுப்பீர்களா, எத்தனை பேரை எடுப்பீர்கள் என்று கேட்டு வாக்கு வாங்கினார்கள். இந்த முயற்சிக்குத் துணை நின்றவர்களில் ஒருவர் ஃபிராஸ்ட் வங்கியின் டாம் ஃபிராஸ்ட். 1975இல் இதே காப்ஸ் உறுப்பினர்கள் அவருடைய வங்கியில் வரிசையாக நின்று டாலரைச் சில்லறையாகவும் சில்லறையை மீண்டும் டாலராகவும் மாற்றி, வேலை நடக்கவிடாமல் செய்திருந்தார்கள். பணக்காரர்களின் கவனத்தைத் தங்கள் தெருக்களின் பக்கம் திருப்ப அன்று அவர்களுக்குக் கிடைத்த வழி அது. பதினைந்து, பதினாறு ஆண்டுகள் கழித்து அதே வங்கியாளர் அவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து மற்ற முதலாளிகளைப் பேசி அழைத்துவந்தார். இதை மனமாற்றக் கதையாக நான் சொல்லவில்லை. காப்ஸ் அந்தப் பதினைந்து ஆண்டில் தேர்தலில் வாக்குகளைத் திரட்டக்கூடிய சக்தியாக வளர்ந்திருந்தது. சமபலம் வந்த பிறகுதான் பேச்சு வந்தது.

வேலைகளுக்கான வாக்கைக் கையில் வைத்துக்கொண்டு பணத்துக்குப் போனார்கள். டெக்சாஸ் ஆளுநர் ஆன் ரிச்சர்ட்ஸ் தன் விருப்பப்படி ஒதுக்கக்கூடிய மத்திய அரசு வேலைவாய்ப்பு நிதியிலிருந்து தொடக்கப் பணம் கொடுத்தார். நகராட்சி மன்றம் தன் பொது நிதியிலிருந்து கொடுத்தது. மத்திய அரசின் பயிற்சிச் சட்டத்தின்கீழ் வரும் பணமும் ஒரு பங்கு சேர்ந்தது. 1992இல் குவெஸ்ட் ஒரு தனித் தொண்டு நிறுவனமாயிற்று. தனக்கென்று வகுப்பறை கட்டவில்லை. படிப்பு அந்த ஊர்ச் சமுதாயக் கல்லூரிகளில். சமுதாயக் கல்லூரி நமக்கும் புதியதல்ல, 1990களின் நடுவில் புதுச்சேரியிலும் சென்னையிலும் அந்தப் பெயரிலேயே தொடங்கியிருக்கிறோம். குவெஸ்ட் எடுத்துக்கொண்ட வேலை, படிக்க வருபவர் படித்து முடிக்கும்வரை உடன் நிற்பது.

இனி நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டிய இடம். செவிலியர் படிப்பில் சேரும் ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். முப்பது வயது, இரண்டு குழந்தைகள், இதுவரை ஓர் உணவகத்தில் வேலை. பள்ளி முடித்துப் பன்னிரண்டு ஆண்டாகிறது. கல்லூரி நுழைவுக்கான கணிதத் தேர்வில் தேறமாட்டார். ஆகவே முதலில் சில வாரமோ சில மாதமோ கணக்கும் வாசிப்பும் மீண்டும் கற்க வேண்டும். பிறகு முன்தேவைப் பாடங்கள். பிறகுதான் செவிலியர் படிப்பு. எல்லாம் சேர்ந்து ஒன்றரை, இரண்டு ஆண்டு, சிலருக்கு அதற்கும் மேல். இந்தக் காலம் முழுவதற்கும் பணம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. கல்லூரிக் கட்டணத்தின் பெரும்பகுதியை ஏழை மாணவருக்கான பெல் என்ற மத்திய உதவித்தொகை ஏற்கும். அது எட்டாத கட்டணம், புத்தகம், சீருடை, உரிமத் தேர்வுக் கட்டணம் எல்லாம் குவெஸ்ட்டின் பொறுப்பு. குழந்தைக் காப்பகச் செலவுக்கு வேறொரு மத்திய நிதி உண்டு, அதில் இடம் கிடைத்தால் சரி, இல்லையென்றால் குவெஸ்ட் வழி தேடும். கார் பழுதாகி நின்றுவிட்டால், மின்கட்டணம் கட்டாமல் இணைப்பைத் துண்டிக்க வந்தால், அதற்கென்று ஒரு சிறு தொகை. மாதச் சம்பளம்போல் உதவித்தொகை எதுவும் கிடையாது. படித்துக்கொண்டே பகுதிநேர வேலைக்கும் போக வேண்டும். இந்தத் திட்டத்தின் கடினமான பக்கம் அது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் ஆலோசகர். வாரந்தோறும் தன் பொறுப்பில் உள்ளவர்களைக் கூட்டமாகச் சந்திப்பார். நேரத்தைப் பங்கிடுவது, தேர்வுப் பயம், கணவரோடு வரும் சண்டை, நேர்முகத்துக்கு எப்படிப் போவது என்று எல்லாம் அந்தக் கூட்டத்தில் வரும். ஒரு வாரம் வராதவரைத் தேடிப் பிடிப்பதும் அவர் வேலை. இப்போது பணத்தின் பக்கத்திலிருந்து இதைப் பாருங்கள். கட்டணத்துக்குப் பணம் தர மத்திய அரசு இருக்கிறது, புத்தகத்துக்கு நன்கொடையாளர் கிடைப்பார், கணினி வாங்கித் தர நிறுவனங்கள் முன்வரும். ஒரு மனுஷி இரண்டு ஆண்டு இன்னொரு மனுஷியின் கூடவே நடப்பதற்கான சம்பளத்துக்குத்தான் எந்தத் திட்டத்திலும் தலைப்பு இருக்காது. குவெஸ்ட்டில் அந்தச் சம்பளத்துக்கும் அந்த அவசரத் தொகைக்கும் இடம் கொடுத்தது நகராட்சியின் பொது நிதி. அதன் தொகையைவிட அதன் தளர்ந்த நிபந்தனைதான் அந்த நிறுவனத்தைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

அந்தக் காலத்து மத்தியப் பயிற்சிச் சட்டம் 1982இல் வந்தது. அதன்கீழ் பணம் வாங்கும் நிறுவனங்கள், பயிற்சி முடித்தவர் வேலையில் அமர்ந்தாரா, சில வாரங்கள் கழித்தும் இருக்கிறாரா என்று காட்ட வேண்டும். பல ஒப்பந்தங்களில் இந்தக் கணக்கைக் காட்டினால்தான் முழுப் பணம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. விளைவு என்னவாயிற்று? விரைவில் வேலை கிடைக்கக்கூடியவரைத் தேடிச் சேர்த்தார்கள். பாலாடையை மட்டும் வழித்தெடுக்கும் இந்த வழக்கம்பற்றி அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். பயிற்சியின் நீளமும் சுருங்கியது. ஆறு வாரத்தில் கற்பிக்கக்கூடியதைக் கற்பித்தார்கள், ஆறு வாரக் கல்விக்குக் கிடைக்கும் கூலி கிடைத்தது. கீரைப் பாத்தியில் தண்ணீர் விடும் கணக்கில் தென்னைக்கு விட்டால் அது காய்க்காது. 1998இலும் 2014இலும் சட்டம் மாறியது. இப்போது வெளியேறிய பிறகு இரண்டாம் காலாண்டிலும் நான்காம் காலாண்டிலும் வேலையில் இருக்கிறாரா என்று பார்க்கிறார்கள். கொஞ்சம் முன்னேற்றம்தான். ஆனாலும் ஓராண்டுக்கு அப்பால் அந்தச் சட்டத்தின் கண் எட்டுவதில்லை.

குவெஸ்ட் உண்மையிலேயே பலன் தருகிறதா என்று எப்படித் தெரியும்? 2006க்கும் 2008க்கும் இடையில் மருத்துவத் துறைப் படிப்புகளுக்கு விண்ணப்பித்த 410 பேரை எக்கனாமிக் மொபிலிட்டி கார்ப்பரேஷன் என்ற ஆய்வு நிறுவனம் எடுத்துக்கொண்டது. சீட்டுக் குலுக்கல் முறையில் பாதிப்பேருக்குக் குவெஸ்ட், மற்ற பாதிப்பேர் ஊரில் கிடைக்கும் வேறு எந்த உதவியையும் நாடிக்கொள்ளலாம். அரசிடம் இருக்கும் ஊதியப் பதிவுகளைக் கொண்டு இரு பிரிவினரையும் பதினோரு ஆண்டுவரை தொடர்ந்தார்கள். முதல் ஆண்டு குவெஸ்ட்டில் சேர்ந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகச் சம்பாதித்தார்கள். படித்துக்கொண்டிருந்தார்கள் அல்லவா! பிறகு கோடு மெல்ல மேலேறியது. ஆறாம் ஆண்டில் குவெஸ்ட் பிரிவினரின் சராசரி ஆண்டு வருமானம் மற்றவர்களைவிட ஏறத்தாழ 5,000 டாலர் கூடுதல். அதற்குப் பின்னும் அந்த ஏற்றம் வற்றவில்லை. ஒருவருக்கு ஆன செலவு 10,500 டாலர் அளவு. ஒரு முறை செய்த செலவு, ஆண்டுதோறும் வரும் பலன்.

இந்த ஆய்வை ஓராண்டோடு நிறுத்தியிருந்தால் முடிவறிக்கையில் தோல்வி என்று எழுதியிருப்பார்கள். எத்தனை நல்ல திட்டங்களை நாம் அப்படி முதல் ஆண்டுக் கணக்கைப் பார்த்து மூடியிருக்கிறோம் என்ற எண்ணம் இந்த அறிக்கைகளைப் படித்த நாளிலிருந்து என்னை விடுவதில்லை.

நகராட்சிப் பணம் தானாக வந்துகொண்டிருக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் வரவுசெலவுத் திட்ட நேரத்தில் குவெஸ்ட்டுக்கான தொகை விவாதத்துக்கு வரும். சாலைக்குப் பணம் இல்லை, காவல்துறைக்குப் போதவில்லை, இதற்கு எதற்கு என்று யாராவது கேட்பார்கள். அப்போது காப்ஸ், மெட்ரோ அலையன்ஸ் உறுப்பினர்கள் மன்றத்தில் திரளாக வந்து உட்காருவார்கள். படித்து முடித்தவர்கள் எழுந்து பேசுவார்கள். மன்ற உறுப்பினர்களுக்குத் தெரியும், இந்த அமைப்புகள் தேர்தல் நேரத்தில் ஒவ்வொரு வேட்பாளரிடமும் பொதுமேடையில் ஆம் அல்லது இல்லை என்று பதில் வாங்கும். குவெஸ்ட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் ஆலோசகர்களைப் பற்றியும் கல்லூரிகளைப் பற்றியும் எழுதிவிட்டு இதை ஓரமாகச் சொல்லிப்போவதைப் பார்க்கிறேன். என் பார்வையில் இதுதான் மையம். பொறுமையாக இருக்கக்கூடிய பணம் என்று ஒன்று இயற்கையில் கிடையாது. ஒரு கூட்டம் அதன் பக்கத்தில் நின்று ஆண்டுதோறும் அதைப் பொறுமையாக இருக்கவைக்க வேண்டியிருக்கிறது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். குவெஸ்ட்டில் சேரப் பள்ளி முடித்திருக்க வேண்டும், அல்லது சமநிலைத் தேர்வு தேறியிருக்க வேண்டும். எந்த ஆலை மூடலைப் பார்த்து இந்த முயற்சி பிறந்ததோ, அந்த ஆலையில் தைத்த நடுவயதுப் பெண்களில் அந்தத் தகுதி இல்லாதவர்களுக்கு இந்தக் கதவு திறக்கவில்லை. அடுத்து அளவு. ஆண்டுக்குச் சில நூறு பேர் என்பது பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரத்துக்குச் சிறு எண்ணிக்கை. 1995இல் மூட முடிவாகி 2001இல் மூடப்பட்ட கெல்லி விமானப்படைத் தளம் போன்ற ஒரே ஒரு இடத்தில் வேலை இழந்தவர்களே பல ஆயிரம். ஆழமாகச் செய்தால் அகலம் குறைகிறது. இதற்கு அவர்களிடமும் முழுமையான விடை இல்லை. ஆஸ்டின், எல் பாசோ, ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு, அரிசோனாவின் டூசான் என்று அதே அமைப்புக் குடும்பம் வேறு ஊர்களில் இதேபோன்ற நிறுவனங்களைத் தொடங்கியது. கிளை திறக்கவில்லை, அந்தந்த ஊரில் தனித்தனி நிறுவனம், தனித்தனிப் பணவழி. பின்னர் டெக்சாஸ் சட்டமன்றமே இவற்றுக்கென்று மாநில நிதியிலிருந்து ஒரு மானியம் ஏற்படுத்தியது.

அகலத்தைக் கூட்டும் முயற்சி 2020இல் வந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் சான் அன்டோனியோ உணவு வங்கி தந்த உணவுக்காக ஆயிரக்கணக்கான கார்கள் வரிசையாக நின்ற படம் உலகம் முழுவதும் பரவியது. ஒரே நாளில் பத்தாயிரம் குடும்பங்கள் உணவுப் பொட்டலத்துக்காக வந்தன. சுற்றுலாவையும் விடுதிகளையும் நம்பிய ஊர், பெருந்தொற்றில் அப்படியே படுத்துவிட்டது. நவம்பர் மாதம் அதிபர் தேர்தலோடு ஒரு கேள்வியும் வாக்காளர் முன் வைக்கப்பட்டது. விற்பனை வரியில் ஒரு சென்ட்டின் எட்டில் ஒரு பங்கை, அதாவது நூறு டாலருக்குப் பொருள் வாங்கினால் பன்னிரண்டரை சென்ட்டை, நான்கு ஆண்டுக்கு வேலைப் பயிற்சிக்குத் தரலாமா? அதுவரை அந்தப் பங்கு நிலத்தடி நீர்வளப் பாதுகாப்புக்கும் ஓடையோரப் பூங்காக்களுக்கும் போய்க்கொண்டிருந்தது. அதைத் திருப்புவது எளிதான முடிவல்ல, எதிர்த்தவர்களின் கவலையும் நியாயமானதே. வாக்களித்தவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் சரி என்றார்கள். திரட்டத் திட்டமிட்ட தொகை 15.4 கோடி டாலர்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தன் ஊர்க்காரர் படித்து வேலைக்குப் போவதற்காக, தான் வாங்கும் பொருளின் வரியைக் கொடுக்கிறேன் என்று ஓர் ஊர் வாக்குச்சீட்டில் சொல்லியிருக்கிறது. காப்ஸ் பல ஆண்டு வீடு வீடாகப் போய்ப் பேசியிராவிட்டால் அந்த விழுக்காடு வந்திருக்குமா என்பது ஐயம்.

‘ரெடி டு வொர்க்’ என்ற பெயரில் 2022 மே மாதம் திட்டம் தொடங்கியது. நகராட்சி பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு குவெஸ்ட், சமுதாயக் கல்லூரிகள், வட்டார வேலைவாய்ப்பு வாரியம் போன்றோரிடம் வேலையை ஒப்படைத்தது. இந்த வாரியம் பற்றியும் ஒரு வார்த்தை. டெக்சாஸ் முழுவதும் 28 வட்டார வாரியங்கள் இருக்கின்றன. சான் அன்டோனியோவையும் சுற்றியுள்ள பகுதிகளையும் சேர்த்து 13 கவுன்டிகளுக்கு ஒன்று. அதுவும் இலாப நோக்கற்ற நிறுவனம்தான், பெரும்பான்மை உறுப்பினர்கள் தொழில் நடத்துவோர். மத்திய அரசுப் பணம் மாநிலம் வழியாக அதற்கு வரும். அது தானே பயிற்சி கொடுக்கக் கூடாது, வேறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் கொடுத்து மேற்பார்வை பார்க்க வேண்டும். பணத்தைப் பங்கிடுபவரும் பணத்தைப் பெறுபவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்ற இந்த ஏற்பாட்டை நம்மவர்கள் கவனிக்க வேண்டும்.

நாற்பதாயிரம் பேருக்குப் பயிற்சி என்று தேர்தலின்போது சொல்லியிருந்தார்கள். நடைமுறையில் சேர்க்கை எதிர்பார்த்த வேகத்தில் வரவில்லை, விமர்சனமும் எழுந்தது. சம்பளம் இல்லாமல் படிக்க ஒருவருக்குத் துணிவு வர வேண்டும், முதலாளிகள் இன்ன வேலை தருகிறோம் என்று உறுதியாகச் சொல்ல வேண்டும், ஆலோசகர்களைத் தேடிப் பழக்க வேண்டும். குவெஸ்ட் முப்பது ஆண்டில் கற்றதை நான்கு ஆண்டில் பல மடங்காக்க முனைந்தபோது பணம் இருந்தது, காலம் போதவில்லை. அந்த வரியும் 2025 இறுதிவரைதான். அதன்பின் அந்த எட்டில் ஒரு பங்கு நகரப் பேருந்துப் போக்குவரத்துக்கு என்று வாக்காளர்கள் அன்றே முடிவு செய்திருந்தார்கள்.

நம் பக்கம் வருகிறேன். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு நமக்கு ஒரு பெரிய பணவழியைத் திறந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், தாம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும். தொழிற்பயிற்சி அந்தப் பட்டியலில் இருக்கிறது. இன்று மாவட்டந்தோறும் பயிற்சி மையம் நடத்தும் தொண்டு நிறுவனங்கள் பலவும் இதை நம்பித்தான் நிற்கின்றன. இந்தப் பணத்தின் கால அளவு என்ன? தொடர்திட்டம் என்று அறிவித்தால், தொடங்கிய ஆண்டை விட்டு மேலும் மூன்று ஆண்டு நடத்த 2021ஆம் ஆண்டு விதிகள் இடம் தருகின்றன. ஆனால் நான் பார்த்த ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை ஓராண்டுக்கானவை. மார்ச் 31க்குள் செலவுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். ஜூலையில் கையெழுத்தாகி, ஆகஸ்டில் பணம் வந்து, செப்டம்பரில் வகுப்பு தொடங்கினால் எத்தனை மாதப் பயிற்சி கொடுக்க முடியும்? ஆறு, அதிகம் போனால் ஏழு. பாடத்திட்டக் குழு எதையும் முடிவு செய்வதற்கு முன்பே நிதியாண்டு முடிவு செய்துவிட்டது.

அதே விதிகளில் 5 விழுக்காடு நிர்வாகச் செலவு என்று ஒரு வரம்பு இருக்கிறது. அது நிறுவனம் தன் சமூகப்பணிப் பிரிவை நடத்த ஆகும் செலவுக்கான வரம்பு. களத்தில் வேலை செய்யும் தொண்டு நிறுவனத்துக்கும் அதுவே சட்டம் என்பதுபோல் பேசப்படுவதைப் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். இப்படிச் சுருக்கிக்கொண்டே வரும்போது முதலில் விழுவது யாருடைய சம்பளம்? மாணவியின் வீட்டுக்குப் போய் அவள் அப்பாவிடம் பேசிவரும் களப்பணியாளருடையது. வெளிநாட்டு நன்கொடையை நம்பியிருந்த வட்டார நிறுவனங்களுக்கு 2020ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இன்னொரு கதவை மூடியது. தாம் பெற்ற பணத்தை ஊர்களில் உள்ள சிறு அமைப்புகளுக்குப் பகிர்ந்தளிக்க இப்போது முடியாது.

அரசுத் திட்டங்களில் 2014இல் தொடங்கிய தீன்தயாள் உபாத்யாயா ஊரகத் திறன் திட்டம் மூன்று மாதம் முதல் ஓராண்டு வரையான பயிற்சிக்கு இடம் கொடுத்தது, பணம் தவணைகளில் வந்தது, பயிற்சி பெற்றவர்களில் 70 விழுக்காட்டினரை வேலையில் அமர்த்தச் சொன்னது. ஓராண்டு வேலையில் நீடித்தால் ஊக்கத்தொகை என்றும் வைத்திருந்தது, அதைப் பாராட்ட வேண்டும். 2021இல் வந்த திறன் தாக்கப் பத்திரம் இன்னும் புதிய முறை. தனியார் முதலில் பணம் போடுவார்கள், பலன் தெரிந்தால் அறநிதியாளர்கள் திருப்பித் தருவார்கள். ஐம்பதாயிரம் இளைஞர்கள், அவர்களில் 60 விழுக்காடு பெண்கள் என்று இலக்கு. நல்ல நோக்கம். ஆனால் பலன் என்று எதை அளக்கிறார்கள்? வேலையில் மூன்று மாதம் நிலைத்திருப்பதை. பணம் வரும் பாதை புதிதாகிவிட்டது, அளவுகோல் பழையதாகவே இருக்கிறது.

மூன்று மாதத்துக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று இங்கே உள்ள எல்லோருக்கும் தெரியும். வெளியூர் ஆலையில் சேர்ந்த பெண் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாள். விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, இரவு ஷிப்ட், கையில் மிஞ்சுவது குறைவு, வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். திரும்பிப் போவதில்லை. மையத்தின் சுவரில் பணியாணையோடு அவள் நிற்கும் படம் இருக்கிறது, பதிவேட்டில் அவள் வெற்றிக் கணக்கில் இருக்கிறாள். பிளேஸ்மென்ட் என்ற கட்டத்தில் டிக் விழுந்துவிட்டது. அவள் திறமையற்றவள் அல்லள். இரண்டு ஆண்டு படித்து ஊருக்குப் பக்கத்து மருத்துவமனையில் ஆய்வகப் பணியாளராகச் சேரக்கூடியவளை, நாம் நம் நிதியாண்டுக்குப் பொருந்தும் வேலைக்கு அனுப்பிவைத்தோம்.

இந்தச் சொற்பொழிவுக்கான அறக்கட்டளையை நிறுவியவர்கள் மூலதனத்தைத் தொடாமல் வட்டியில் ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவு நடக்க வழி செய்திருக்கிறார்கள். அவசரமில்லாத பணம் எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணம் தேடி நான் வெளியே போக வேண்டியதில்லை. அவர்களிடமும் துறையினரிடமும் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். இந்த மாவட்டத்தில் சென்ற ஆண்டுகளில் தொழிற்பயிற்சி முடித்தவர்களில் சில நூறு பேரை, ஓராண்டு, மூன்றாண்டு, ஐந்தாண்டு கழித்து எங்கே இருக்கிறார்கள் என்று தொடர்ந்து கேட்டு எழுதிவைக்கும் ஒரு பதிவேட்டை இந்தத் துறை தொடங்க வேண்டும். டெக்சாஸ் ஆய்வாளர்களுக்கு அரசின் ஊதியப் பதிவு கிடைத்தது. நமக்கு வருங்கால வைப்புநிதிக்கான பொதுக் கணக்கு எண் 2014 முதல் இருக்கிறது. பயிற்சி பெற்றவரின் எழுத்துமூலச் சம்மதத்தோடு, யார் யார் சந்தா கட்டும் வேலையில் நீடிக்கிறார்கள் என்று பார்க்க முடியும். கடையிலும் வீட்டுவேலையிலும் வயலிலும் இருப்பவர் அந்தப் பதிவில் வரமாட்டார், அவரைத் தொலைபேசியில் அழைத்துத்தான் கேட்க வேண்டும். எண் மாறியிருக்கும், பெண்ணாக இருந்தால் ஊரே மாறியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டு, சுயஉதவிக் குழுத் தலைவியைக் கேட்டுத் தேட வேண்டியிருக்கும். இது களப்பணி மாணவர்கள் ஆண்டுக்கு ஆண்டு கைமாற்றிச் செய்யக்கூடிய வேலை. அவர்களை ஒருங்கிணைக்க ஒருவருக்கு முழுநேரச் சம்பளம் வேண்டும். அந்தச் சம்பளத்தை ஐந்தாண்டுக்கு யார் ஏற்பது என்பதை இன்று மாலைத் தேநீரின்போதே பேசத் தொடங்கலாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.